மாவிளக்குப் பிசைந்த கை

எங்கள் தோட்டத்துத் தண்ணீரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலை மலையின் இடுக்கில் ஊறுகிற ஊற்று. ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி, கீழே சீமெந்துத் தாங்கி, தாங்கியிலிருந்து நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், இரண்டு லயங்களுக்கும் சேர்த்து ஒரே குழாய். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் ஊற்று வற்றி, குழாய் முனைப் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். குடத்தை வைத்துவிட்டு ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்தாலும் குடம் நிறையாது. அதனால் இந்த வருடம் ஆனியிலேயே காற்று கிளம்பி, லயத்துக்குள் டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் புகுந்தபோது காரணம் என்னவென்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. தண்ணீர்தான். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரியது, ஆகவே மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

என் பெயர் பவுலினா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப் போகும் குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் யேசுரத்தினம் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். நத்தார் பண்டிகைக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வருவார், வந்தால் எல்லோருக்கும் புத்தி சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் நானும் என் மகள் நிலுக்ஷியும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பம்மா அக்கா. லயத்துச் சுவர் கூரையைத் தொடாது என்பதால் அவள் இருமினால் நான் இங்கிருந்து "தண்ணி குடிங்கக்கா" என்பேன். புருஷன் செத்து, மகன் கல்யாணம் கட்டிப் போன பிறகு அவளுக்குத் துணை என்று இருந்தது நான்தான். எனக்கும் அப்படித்தான்.

கருப்பம்மா அக்காவுக்கு இளம்வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, பாடை கட்டக்கூட ஆள் விட்ட பிறகு எழுந்து உட்கார்ந்தாளாம். மாரியம்மன் தொட்டுவிட்டு விட்டுவிட்ட உடம்பு என்று அன்றிலிருந்து பேச்சு. கோயிலில் ஆடி வெள்ளிக்கு மாவிளக்குப் பிசைவது அவள்தான். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பச்சரிசியை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். ஊறவைத்து, இடித்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து நெய்த் திரி ஏற்றி, அம்மன் முன்னால் வைத்து, திரி அணைந்ததும் பிட்டுப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பாள். மாவிளக்கு அடுப்பில் ஏறாது. பச்சை மாவைத்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள். குளிக்காமல் உரலைத் தொடமாட்டாள் அக்கா, சுத்தத்தில் நான் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற பொதுக் கக்கூசில் குழாய் கிடையாது. காற்று மாதங்களில் ஒரு பால்மா டின் தண்ணீரோடுதான் யாரும் போய்வர வேண்டும். அதில் எதைக் கழுவுவது, எதை விடுவது?

முதலில் இரண்டு மூன்று வீட்டில் காய்ச்சல். வேண்டுதல் வைத்து மாவிளக்குப் போட்டார்கள். பிறகு இன்னும் சில வீட்டில். அவர்களும் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கணபதி காய்ச்சலோடு கிடந்தே, வேண்டுதலுக்காக மாவிளக்கை வயிற்றின் மேல் ஏற்றி இறக்கினான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது குடல் ஓட்டையாகிவிட்டதென்று சொன்னார்கள். பதுளையிலிருந்து பெட்டியில்தான் வந்தான். பிள்ளைக்காம்பராவில் அவனுடைய குழந்தை அன்றைக்கு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கணபதியைப் புதைத்த மறுநாள் யாரும் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்துத் தலைவர் ரெங்கசாமி, தொழிற்சங்கத்துக்காரர், கோயில் காரியங்களும் அவர் கையில்தான், எல்லோரையும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் உட்காரவைத்துவிட்டார். "தண்ணி குடு, இல்லாட்டி வேலை இல்ல." இத்தனை வருடம் காது கேட்காதவர்களுக்கெல்லாம் அன்றைக்குக் கேட்டது. வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், தாங்கியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், மேல் மலை ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சுகாதாரப் பகுதி விசாரித்து, காய்ச்சலுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று எழுதித் தரவேண்டும். அவ்வளவுதானே என்று நாங்கள் கைதட்டினோம்.

எழுதித் தர வந்தவர் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. கிருஷ்ணராஜ். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளை. மோட்டார் சைக்கிளை இறக்கத்தில் நிறுத்திவிட்டு வீடு வீடாக ஏறினார். தாங்கித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து அனுப்பிவிட்டுப் போயிருந்தால் அவரைத் தலையில் வைத்து ஆடியிருப்போம். அவரோ காய்ச்சல் வந்த வீட்டில் கேட்ட அதே கேள்விகளைக் காய்ச்சல் வராத வீட்டிலும் கேட்டார். என்ன சாப்பிட்டீங்க, எங்க சாப்பிட்டீங்க, யார் கொடுத்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

"காய்ச்சல் வந்த வீட்டுல கேக்குறது சரி தம்பி. வராத வீட்டுல எதுக்கு வந்து வாயப் புடுங்குறீங்க?"

"வராதவங்ககிட்டதான்க்கா வெசயமே இருக்கு. ரெண்டு லயமும் ஒரே தண்ணியத்தான் குடிக்குது. குடிச்சதுல பாதிப் பேருக்கு ஏன் வரல? அதுக்குப் பதில் தெரியாம தண்ணினு எழுதுனா, அது என் நெனப்பு. ஆதாரம் இல்ல."

ரெங்கசாமி அண்ணன் அவரை என் வாசலிலேயே மறித்தார். "தம்பி, நீங்களும் பீலித் தண்ணி குடிச்சு வளந்த புள்ளதானே? தண்ணினு எழுதிட்டுப் போங்க. பத்துத் தலைமுறைக்குப் புண்ணியம்."

"எழுதுறேண்ணே. குழாய் வந்ததுக்கு அப்புறமும் காய்ச்சல் வந்து ஆளு செத்தா, அப்ப என்ன எழுத?"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். படித்த பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை, நியாயமாகப் பேசி வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள்.

எங்கள் லயத்தில் என் வீட்டோடு சேர்த்துக் கடைசி மூன்று வீடும் வேதக்காரர், கிறிஸ்தவர் வீடு. மூன்றிலும் காய்ச்சல் வந்தது என் நிலுக்ஷிக்கு மட்டும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி, பாயில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணராஜ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம், கூட்டாளிகள் என்று சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டார்.

"மத்த ரெண்டு வீட்டுப் புள்ளைங்க சாப்பிடாத ஏதாவது நீ சாப்பிட்டியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கோயில் படையல் சாப்பிடக்கூடாது என்பது அவளுடைய அப்பாவின் சட்டம்.

"கருப்பம்மா பெரியம்மா மாவெளக்கு குடுத்தாங்க. பின்வாசல்ல வச்சுத் தின்னேன்."

நான் கையை ஓங்கிவிட்டேன். கிருஷ்ணராஜ் என் கையைப் பிடித்தார். "அடிக்காதீங்கக்கா. இந்தப் புள்ள எத்தன உசுரக் காப்பாத்தியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது." அதன்பிறகு அவர் சிரிக்கவே இல்லை. முதலிலிருந்து மறுபடி எல்லா வீட்டுக்கும் ஏறினார், இந்தத் தடவை கேட்டது ஒரே கேள்வி. மாவிளக்கு. சாப்பிட்டவர்கள் வீடுகளில்தான் காய்ச்சல் இருந்தது. தீட்டு என்று கோயிலுக்குப் போகாதிருந்த வீடு, சர்க்கரை வியாதி என்று இனிப்பைத் தொடாத ஆள், வேதக்காரர், இவர்களெல்லாம் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்வதற்கு முன்பே அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையை அன்றைக்கே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப தண்ணி நல்ல தண்ணியா தம்பி?"

"தண்ணி நாறுது. கைகழுவக்கூட ஒங்களுக்குத் தண்ணி இல்ல, அதையும் எழுதத்தான் போறேன். ஆனா இந்தக் காய்ச்சல வீடு வீடா கொண்டுபோனது குழாய் இல்லக்கா."

கருப்பம்மா அக்கா ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர் கேட்டபடி பரிசோதனைக்கு மலம் கொடுத்தாள், ஒரு முறைக்கு மூன்று முறை. "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருக்குது, பாவம், அலையுது" என்றாள். முடிவு வந்த அன்று கிருஷ்ணராஜ் அவளை என் குசினிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பழைய காய்ச்சலின் கிருமி அவளுக்கு ஒன்றும் செய்யாமல் பித்தப்பைக்குள் இத்தனை வருடமும் குடியிருக்கிறது, மலத்தோடு வெளியே வருகிறது, கழுவத் தண்ணீர் இல்லாத காலத்தில் விரலோடு மாவுக்குள் போகிறது என்று மெதுவாகச் சொன்னார். இது அவள் குற்றம் இல்லை, மாத்திரை இருக்கிறது, ஒரு மாதம் குடிக்க வேண்டும், சரியாகிவிட்டது என்று பார்க்கும்வரை யாருக்கும் பிசைந்து கொடுக்கக்கூடாது என்றார்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.  பிறகு, "மொத வெள்ளி கணபதிக்கு நாந்தான் தம்பி வாயில ஊட்டுனேன். கவ்வாத்துக் கத்தியோட நின்னான், கை அழுக்குனு சொன்னான். நான் ஊட்டிவிட்டேன்" என்றாள்.

கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்பை ஊதுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. "இனி பிசைய மாட்டேன்" என்றாள். "எனக்கு இப்படினு வெளிய சொல்லிறாதீங்க. செத்தவன் பொண்டாட்டி மூஞ்சில நான் முழிக்கணும்."

கிருஷ்ணராஜ் சத்தியம் செய்தார், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். அவர் எழுதியதில் பெயர் இல்லை. காய்ச்சல் பரவியது நோயைச் சுமக்கிற ஒருவர் பிசைந்த பச்சை மாவால், அது கையோடு போனதற்குக் காரணம் கக்கூசுகளுக்குத் தண்ணீர் இல்லாதது, ஆகவே குழாய் உடனே வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார், எனக்கு வாசித்தும் காட்டினார். ஆனால் பெரட்டில் வெளிக்கள உத்தியோகத்தர் உரக்க வாசித்தது பாதியை மட்டும். "தண்ணியில கொறை இல்ல. லயத்துல ஒரு பொம்பள மாவு பெசஞ்சு குடுத்துதான் காய்ச்சல் வந்திருக்கு. எல்லாரும் கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க." எதில் கழுவுவது என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை, அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். குழாய் வேலைக்கு அளக்க வருவதாக இருந்த ஆட்கள் வரவே இல்லை.

மாவு பிசைகிற பொம்பளை யார் என்று கண்டுபிடிக்க மூளை தேவையில்லை. லயமே கொதித்துவிட்டது. அந்தக் கொதிப்பு அக்கா மீது என்றால்கூட நான் தாங்கியிருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் சமாளித்திருக்கலாம். அது அவளுக்காகக் கொதித்தது.

"தண்ணிய மூடி மறைக்கணும், அதுக்கு நம்ம அக்கா தலையில கட்டிட்டானுங்க" என்றார் ரெங்கசாமி அண்ணன். "அந்தப் பி.எச்.ஐ. பய எவ்வளவு வாங்குனானோ!"

நான் ஓடி ஓடிச் சொன்னேன். தம்பி எழுதியது உண்மை, மாவுதான் காரணம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "தண்ணி தண்ணினு மொதல்ல கத்துனது நீதானே பவுலி? இப்ப என்ன, ஆபீசுல ஒனக்கும் ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். என் தொண்டையை நான் தண்ணீருக்கே செலவழித்துவிட்டேன், இப்போது எடுபடவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. இத்தனை காலமும் அலுவலகத்திலிருந்து வந்த எந்தச் செய்தி எங்கள் நன்மைக்கு வந்தது, இதை மட்டும் நம்புவதற்கு?

ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் கூட்டம் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம். ரெங்கசாமி அண்ணனின் மகள் துஷாந்தினி தலைப்பிரசவத்துக்கு வெலிமடையிலிருந்து வந்திருந்தாள், நிறைமாதம். அவளையும் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மாவை வேறு யாரோ இடித்துப் பித்தளைத் தட்டில் குவித்து வைத்துவிட்டு, கருப்பம்மா அக்காவை வீட்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். சாமி கும்பிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனாள். நானும் பின்னால் போய்ப் படிக்கட்டுக்கு வெளியே நின்றேன்.

"அக்கா, நீங்க உக்காந்து பெசைங்க. எவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்றார் ரெங்கசாமி அண்ணன்.

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். அந்த ரகசியம் வெளியே போகக்கூடாது என்று என் குசினியில் கெஞ்சியவள், எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லய்யா. நோயி என் வயித்துலதான் இருக்கு. பதுளையில பாத்துச் சொல்லிட்டாங்க, மாத்திரை குடிக்கிறேன். கணபதி செத்தது என்னாலதான். என்ன விட்ருங்க."

 பெண்கள் அழுதார்கள். கணபதியின் பெண்சாதி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "யாரு பெரியம்மா ஒங்கள இப்படிச் சொல்ல வச்சது? யாரு மெரட்டுனா?" என்று தேம்பினாள். எவளுடைய முகத்தில் விழிக்க முடியாது என்று அக்கா பயந்தாளோ, அவளே அக்காவின் கண்ணைத் துடைத்தாள். ரெங்கசாமி அண்ணன் அழுதுகொண்டே அக்காவின் வலது கையைப் பிடித்து மாவுக்குள் வைத்தார். அந்தக் கைக்கு மேல் இன்னும் பல பெண்களின் கைகள் வந்து சேர்ந்தன. எல்லோரும் சேர்ந்து அவள் கையாலேயே பிசைந்தார்கள். "வேணாம்யா, வேணாம்யா" என்று அவள் கத்தியது குலவைச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

படியேறி உள்ளே போய்த் தட்டைப் பிடுங்கலாமா என்று துடித்தேன். வேதக்காரி சாமி மாவைப் பிடுங்கினாள் என்றால் அதற்குப் பிறகு அந்த லயத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். யாரோ, "ஒனக்கு இங்க என்ன வேலை?" என்றார்கள்.

அக்காவே செய்தாள். கையை உருவிக்கொண்டு தட்டை ஓங்கித் தள்ளிவிட்டாள். பிசைந்த மாவெல்லாம் கோயில் தரையில் சிதறியது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும் ஒரு மனுஷியால்? முடிந்தது என்று நினைத்து நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாமி மாவு காலில் மிதிபடக் கூடாது. முதலில் குனிந்தது கணபதியின் பெண்சாதிதான். ஒரு பிடி பொறுக்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். அக்கா தட்டைத் தள்ளாதிருந்தால் விரல் நுனியில் ஆளுக்கொரு துளி கிடைத்திருக்கும், இப்போது ஒரு பருக்கை விடாமல் பொறுக்கித் தின்றார்கள். பிள்ளைக்காம்பராவில் நான் வளர்த்த குழந்தைகளுக்கு அவர்களின் தாய்மார் ஊட்டினார்கள். துஷாந்தினியால் குனிய முடியவில்லை. அவளுடைய அம்மா எடுத்து அவள் வாயில் வைத்தாள். அக்கா தரையில் விழுந்து ஒவ்வொருவர் காலையும் பிடித்து, "துப்புங்கம்மா, துப்புங்க" என்று கெஞ்சினாள். அருள் வந்துவிட்டது என்று அவளுக்குத் திருநீறு பூசினார்கள்.

கிருஷ்ணராஜுக்கு நான்தான் போன் பண்ணினேன். டாக்டரையும் கூட்டிக்கொண்டு மறுநாளே வந்தார். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. காய்ச்சல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரி, ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது என்று மூடிய கதவுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். யாரோ அவர் மீது சாணியை எறிந்தார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் மறுபடியும் தொடங்கியது. துஷாந்தினிக்கும் வந்தது. வாய் உலர்ந்து, கண் செருகி, பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். கிருஷ்ணராஜ் வாகனத்தை லயத்து முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். ரெங்கசாமி அண்ணன் கதவில் குறுக்கே நின்றார்.

"கணபதியையும் இப்படித்தான் ஏத்திட்டுப் போனீங்க, பெட்டியில திரும்பி வந்தான். மொதல்ல ஆத்தாளுக்கு வேண்டுதல். அக்கா கையால ஒரு மாவெளக்கு. அதுக்கப்புறம் பாக்கலாம்."

நான் கத்தினேன், கிருஷ்ணராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் அசையவில்லை. அப்போது கருப்பம்மா அக்கா வந்தாள். அந்த வெள்ளிக்குப் பிறகு அவள் வாசலுக்கே வந்ததில்லை.

"மொதல்ல புள்ளைய வண்டியில ஏத்து" என்றாள். "ஏத்தி ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து அரிசியக் குடு. நான் பெசஞ்சு தர்றேன்."

"சத்தியமாவாக்கா?"

"ஏத்துய்யா."

யார் சொல்லியும் கேட்காத மனுஷன் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகளைத் தூக்கினார். வண்டி இறக்கத்தில் போய் மறைந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைக்காம்பராவில் பாதிக் குழந்தைகள் இல்லை அன்றைக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சுவருக்கு மேலாக ஒரு நாற்றம் வந்தது. ரொட்டி கருகிவிட்டதாக்கும் என்று, "அக்கா, அடுப்பப் பாருங்க" என்றேன். பதில் இல்லை. ஓடினேன்.

அடுப்புக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கல் இன்னும் அடுப்பிலேயே இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். உள்ளங்கையில் தோல் இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உதட்டைக் கடித்துக் கடித்து அதுவும் ரத்தமாக இருந்தது. ஒரு சத்தம் போடாமல் எப்படித்தான் தாங்கினாளோ, பாவி.

"என்னக்கா பண்ணிட்டீங்க! நோயி கையில இல்லையேக்கா! தம்பி எத்தன தடவ சொன்னுச்சு, வயித்துக்குள்ளதானே இருக்கு!"

"வயித்தயா கேக்குறாங்க பவுலி? கையத்தானே கேக்குறாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இனி யாரும் கேக்க முடியாது."

ஈரத் துணியைத் தேடினேன். குடத்தில் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்கு ஓடிக் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன், கிருஷ்ணராஜுக்குப் போன் பண்ணினேன், வண்டி திரும்பி வரட்டும் என்று அழுதேன். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

ரெங்கசாமி அண்ணன் நின்றார். கையில் தட்டு, தட்டில் பச்சரிசி, மேலே ஒரு கருப்பட்டித் துண்டு. காலையில் போன மனுஷனின் முகம் இல்லை அது.

"வயித்துல துடிப்பு நின்னுபோச்சாம்க்கா" என்றார். "புள்ள போயிருச்சு. எம்மவளாவது பொழைக்கணும். குடுத்த வாக்க..."

அப்போதுதான் அவர் கண் மடிக்குப் போனது. தட்டு சாய்ந்து அரிசி சிந்தியது.

"என்னக்கா இது? ஏன்க்கா? ஊரே ஒங்க மேல பழி போட்டப்ப நாங்க ஒரு நாளாவது சந்தேகப்பட்டமா? ஒங்கள நம்பலையா நாங்க?"

கருப்பம்மா அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்புனீங்கய்யா" என்றாள். "அதான்."

ரெங்கசாமி அண்ணன் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.